முதல்ல இருந்து சொல்லுங்க

மூன்றாவது ஈசிஜியும் நன்றாகத்தான் இருந்தது.

2023 பிப்ரவரி, இரவு பதினொன்றரை மணி. அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் உட்கார்ந்து மார்பில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராகத் தெரிந்த டியூட்டி டாக்டர் அந்த நீளத் தாளைப் பார்த்துவிட்டு, "சார், ஹார்ட் நல்லா இருக்கு. எக்கோ எடுத்தாச்சு, ட்ரெட்மில் பாத்தாச்சு, தைராய்டும் நார்மல். மனசுல ஏதாவது ஓடிட்டு இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் செத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு இறுகி, கை விரல்கள் மரத்துப்போய், மூச்சு பாதியில் நின்று, ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி பேரைச் சொல்லக்கூட நாக்கு எழவில்லை. இவர் என்னவென்றால் மனசு என்கிறார். அவர் எதுவும் வாதாடவில்லை. ஒரு சீட்டில் 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று எழுதிக் கொடுத்து, "ஒருவாட்டி போய்ப் பேசிப் பாருங்க" என்றார்.

பேசி. நெஞ்சுவலிக்குப் பேச்சு மருந்தாம். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து இரண்டு முறை துவைத்தும் போட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். குரோம்பேட்டையில் அறை, சைதாப்பேட்டையில் பள்ளிக்கூடம், நடுவில் மின்சார ரயில். 2022 ஆகஸ்டில் அப்பா மாரடைப்பில் இறந்தார், ஐம்பத்தேழு வயதில். அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் எனக்கு இது ஆரம்பித்தது. முதல் தடவை பழவந்தாங்கலுக்கும் பரங்கிமலைக்கும் நடுவே, காலை நெரிசலில் வந்தது. பரங்கிமலையில் இறங்கி பிளாட்பார பெஞ்சில் படுத்துவிட்டேன். ஒரு பூக்கார அம்மா தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

அதன்பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். "ஜிம்முக்குப் போ மச்சான்" என்றான் அறை நண்பன். "நல்லா தூங்குனா எல்லாம் சரியாப்போகும்" என்றார் ஹெச்.எம். சித்தப்பா கயிறு மந்திரித்து கூரியரில் அனுப்பினார். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் ராத்திரி போனில் "எய்யா, சாப்ட்டியா?" என்பாள். "ம்" என்பேன். அதோடு முடிந்துவிடும். அப்பா போனபிறகு எங்கள் இருவருக்கும் பேச வேறு வார்த்தை இல்லை.

உளவியலாளரிடம் போவதற்கு என்ன தயக்கம் என்று கேட்டால், கீழ்ப்பாக்கம்தான். 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த மருத்துவமனை அது. இந்தியாவின் மிகப் பழைய மனநல நிறுவனங்களில் ஒன்று. எத்தனையோ தலைமுறைக்குச் சிகிச்சை தந்த இடத்தின் பெயரை நாம் சினிமாவில் ஒரு வசையாக மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கிறோம். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை அந்தப் பெயரால் கிண்டல் செய்தபோது நானும்தான் சிரித்திருக்கிறேன். இப்போது என் முறை என்றதும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் போனதற்கு வீரம் காரணமில்லை. ரயில் ஏற முடியாமல் லீவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

*

சாய்வு நாற்காலி இருக்கும், படுத்துக்கொண்டு சின்ன வயதுக் கதை சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன். இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு சின்ன மேஜை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு டிஷ்யூ டப்பா. அவ்வளவுதான் அறை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடி. சுவரில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ் இருந்தது.

முதலில் சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னார். அவர் மனநல மருத்துவர் இல்லை, மாத்திரை எழுத மாட்டார். உளவியல் படித்து, மருத்துவமனையில் நோயாளிகளோடு இரண்டு வருடம் எம்ஃபில் பயிற்சி முடித்தவர். மாத்திரை தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். நான் பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அதற்கு விதிவிலக்கு உண்டு. ஒரு அமர்வு ஐம்பது நிமிடம். பிறகு என் ஈசிஜி, எக்கோ தாள்களை எல்லாம் வாங்கி நிதானமாகப் பார்த்தார். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் மனசைப் பற்றிப் பேசக்கூடாது என்றார். எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

"இப்ப, கடைசியா வந்த அட்டாக் பத்திச் சொல்லுங்க."

"திடீர்னு வந்துச்சு மேடம். செத்துடுவேன்னு தோணுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்."

"சரி. முதல்ல இருந்து சொல்லுங்க. எங்க உக்காந்திருந்தீங்க? லைட் எரிஞ்சுதா? கையில என்ன இருந்துச்சு?"

கையில் விடைத்தாள்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு திருப்புதல் தேர்வு. மாடிப்படி ஏறி வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். இதயம் படபடவென்று அடித்தது. அதைக் கவனித்தேன். "கவனிச்சப்போ மனசுல என்ன வாக்கியம் ஓடுச்சு?" என்று கேட்டார். வாக்கியமா? அப்படி எதுவும் ஓடவில்லை, பயம்தான் வந்தது என்றேன். அவர் காத்திருந்தார். கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் வாயிலிருந்தே அது வந்தது: "அப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துடுச்சு."

அவர் ஒரு தாளில் வட்டம் ஒன்று வரைந்தார். மேலே 'படபடப்பு'. அங்கிருந்து ஒரு அம்பு, 'அப்பாவுக்கு வந்தது வந்துவிட்டது'. அங்கிருந்து ஒரு அம்பு, 'பயம்'. பயத்திலிருந்து திரும்பவும் 'படபடப்பு'. பயந்தால் உடம்பு ஓடத் தயாராகும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், அதிகமாக மூச்சு வாங்கினால் விரல் மரக்கும். அந்த மரப்பைப் பார்த்து இன்னும் பயம். மாடிப்படி ஏறியதில் வந்த சாதாரணப் படபடப்பு சில நிமிடங்களில் மரண பயமாகிவிடும். 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கி எழுதியிருக்கிறார் என்பதைப் பிற்பாடு நானே தேடிப் படித்தேன். உடம்பின் சாதாரண அசைவுகளைப் பேரழிவின் அறிகுறியாக வாசிப்பதுதான் இந்தத் தாக்குதலின் மையம் என்பது அவர் கருத்து.

கணக்கு வாத்தியாருக்கு அந்த வட்டம் பிடித்துப்போனது. நாலு மாதமாகப் பேய் போலத் திரிந்த ஒன்றுக்கு அம்புக்குறி இருக்கிறது.

*

பேச்சுச் சிகிச்சையின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக வியன்னாவில் ஆரம்பிப்பார்கள். 1880களின் தொடக்கத்தில் ஜோசப் பிராயர் என்ற மருத்துவரிடம் ஒரு இளம்பெண் சிகிச்சை பெற்றாள். கை மரத்துப்போவது, தாய்மொழியே மறந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று விசித்திரமான தொல்லைகள் அவளுக்கு. அவளும் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்து, அவரைப் பறிகொடுத்தவள். பிராயரிடம் பேசப்பேசத் தொல்லை குறைவதைக் கண்டு 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தது மருத்துவர் அல்ல, அவள்தான். வேடிக்கையாக, புகைக்கூண்டைச் சுத்தம் பண்ணுவது என்றும் சொல்வாளாம். பிராயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் அவள் பெயர் அன்னா ஓ.

அதில் எனக்குப் பிடித்தது புத்தகத்தில் இல்லாத பகுதி. பிராயரின் சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பெண் குணமாகிவிடவில்லை. மறுபடியும் மருத்துவ இல்லங்களில் தங்க வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல மீண்டு, பிராங்பர்ட்டில் அநாதை இல்லம் ஒன்றை நடத்தி, 1904இல் யூதப் பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினாள். பெர்த்தா பாப்பன்ஹைம் என்பது அவள் நிஜப்பெயர். மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது எவ்வளவு பாதி உண்மை என்று அவள் வாழ்க்கை சொல்கிறது.

என் உளவியலாளர் செய்ததும் கொட்டச் சொல்வது மட்டும் இல்லை. அவர் வழி, 1960களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் உருவாக்கியதிலிருந்து வந்தது. பெக் ஃபிராய்டு மரபில் பயின்ற மனநல மருத்துவர். தன் நோயாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் இன்னொரு பேச்சு ஓடுவதை அவர் கவனித்தார். 'நான் உபயோகமில்லாதவன்', 'இவருக்கு நான் சலித்துவிட்டேன்' என்று கண நேரத்தில் வந்து போகும் வாக்கியங்கள். சொல்பவருக்கே தெரியாமல் ஓடும், ஆனால் அவர் அதை முழுக்க நம்புவார். அந்த வாக்கியத்தைப் பிடித்து, மேஜைமேல் வைத்து, இது உண்மையா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் வேலை.

பிடிப்பதற்கு எனக்கு ஒரு நோட்டு தரப்பட்டது. எப்போது, எங்கே, உடம்பில் என்ன, ஓடிய வாக்கியம் என்ன, அதை எத்தனை சதவீதம் நம்பினேன். முதல் வாரம் எழுதவில்லை. ஆறாம் நாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் ஒரே பேனா, ஒரே நடுக்கம். பஸ்ஸா?" என்றார். பதினைந்து வருடத்தில் எத்தனை பிள்ளைகளை நான் இதே கேள்வி கேட்கப்போகிறேனோ. இருவரும் சிரித்துவிட்டோம். அவர் திட்டவில்லை. "எழுத உக்காந்தா என்ன ஆகும்னு தோணுச்சு?" என்று மட்டும் கேட்டார். எழுதினால் வந்துவிடும் என்று தோன்றியது. "அப்ப அதையே முதல் வாக்கியமா எழுதுவோம்" என்றார்.

ஐந்தாவது அமர்வில் ஒரு குச்சி ஸ்ட்ராவைக் கையில் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். "நானும் பண்றேன்" என்று அவரும் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டார். முப்பதாவது வினாடியில் எனக்கு நெஞ்சு இறுகியது. கண் இருட்டியது. அதேதான், ரயிலில் வந்த அதே உணர்வு. எதிரே புடவையும் கண்ணாடியுமாக ஒருவர், முகம் சிவந்து, ஸ்ட்ராவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இருவரும் சாகவில்லை. பிறகு மாடிப்படியில் நாலு முறை ஓடி ஏறினோம். 'படபடப்பு வந்தால் மாரடைப்பு' என்ற வாக்கியத்தை நான் தொண்ணூறு சதவீதம் நம்பினேன். அன்று சாயங்காலம் அது நாற்பதுக்கு இறங்கியது. "உங்க அப்பாவோட இதயம் இல்ல உங்களுக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் இறங்கியிருக்காது. பலபேர் சொல்லிப் பார்த்ததுதானே அது.

அடுத்தது ரயில். கதவோரம் நிற்கக்கூடாது, பையில் வைத்திருக்கும் ஆஸ்பிரினை எடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு ஸ்டேஷன், பிறகு மூன்று, பிறகு சைதாப்பேட்டை வரை. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நான் இறங்கி ஓடாமல் இருந்தால் தானாக இறங்கும். அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, மீனம்பாக்கத்தில் உள்ளங்கை வியர்க்க நின்றுகொண்டு கண்டுபிடிப்பது வேறு.

*

எட்டாவது அமர்வில் நான் நன்றாகிவிட்டதாக அறிவித்தேன். ரயிலில் போகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நோட்டும் ஒழுங்காக எழுதுகிறேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் நிறைய எழுதியிருக்கீங்க. ஆறு மணிக்கு என்ன?"

எதுவும் இல்லை என்றேன். அவர் காத்திருந்தார்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். அப்பா இறந்த அன்று சாயங்காலம் ஆறு பத்துக்கு எனக்குப் போன் செய்தார். நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கட் பண்ணினேன். அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்து, அடுத்த பேட்ச் வந்ததும் மறந்துபோனேன். ஏழரைக்குச் சித்தப்பா கூப்பிட்டார்.

"நான் எடுத்திருந்தா அப்பா இருந்திருப்பாரு மேடம்."

இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் "அப்படில்லாம் நெனைக்காத" என்றிருப்பாள். நண்பன் "விதிடா" என்றிருப்பான். அன்பில் சொல்வதுதான் இரண்டும். ஆனால் இரண்டுமே அந்தப் பேச்சின் கதவைச் சாத்திவிடும். அவர் சாத்தவில்லை. மறுக்கவும் இல்லை. "சதவீதம்?" என்றார். நூறு என்றேன்.

ஒரு வட்டம் வரைந்து பென்சிலை என் கையில் கொடுத்தார். அப்பாவின் சாவுக்கு என்னென்ன காரணம் உண்டோ எல்லாவற்றையும் பட்டியல் போடச் சொன்னார். என் பங்கைக் கடைசியில் போடலாம் என்றார். முப்பது வருடப் பீடி. கவனிக்காமல் விட்ட சர்க்கரை. நல்லாயிருக்கிறது என்று தானாகவே நிறுத்திய பிரஷர் மாத்திரை. பெரியப்பாவும் அதே வயதில் போனது. வலி வந்தும் கடையைப் பூட்டாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஒதுக்கிக்கொண்டே வந்தேன். பை வரைபடம் எனக்குப் புதுசா என்ன, வருடா வருடம் நடத்துவதுதான். கடைசியில் எனக்கு மிஞ்சியது ஒரு கீற்று.

"அவர் எதுக்குக் கூப்பிட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் விஷயம். தெரியாது. வலிக்கிறது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கலாம். சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கலாம். தெரியாத ஒன்றை நூறு சதவீதம் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஆறு மாதமாக எனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"இந்த மிச்சக் கீற்றை என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அதை அழித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழிக்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன், "எனக்கு அவர்கிட்ட ஒருவாட்டி பேசணும்னு இருக்கு மேடம். அவ்வளவுதான்."

டிஷ்யூ டப்பா எதற்கு அங்கே இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அப்பா இறந்து ஒன்பது மாதத்தில் நான் முதன்முதலாக அழுதேன். மாரடைப்பு பயம் என்று நான் சுமந்து திரிந்ததில் பாதி, அழாமல் வைத்திருந்த துக்கம்.

*

மொத்தம் பதினான்கு அமர்வுகள். ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய். கணக்கு வாத்தியார் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை, இரண்டு டியூஷன் பேட்ச் கூடுதலாக எடுத்தேன். எனக்கு எடுக்க முடிந்தது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள். ரயிலில் என் பக்கத்தில் நிற்பவர்களை இப்போது அந்த எண்ணோடுதான் பார்க்கிறேன். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். வகுப்பறைப் பலகையின் ஓரத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். அழித்தால் திரும்ப எழுதுவேன்.

முழுக்கக் குணமாகிவிட்டேனா என்றால், போன மாதம்கூட மாம்பலத்தில் ஒருமுறை நெஞ்சு இறுகியது. வாக்கியம் வந்தது. வந்துவிட்டாயா என்று பார்த்தேன். கோடம்பாக்கம் வருவதற்குள் போய்விட்டது.

அப்பாவின் முதல் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, திண்ணையில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சைக்காலஜிஸ்டிடம் போனதை, ரயிலை, ஸ்ட்ராவை, கடைசியாக அந்த ஆறு பத்துப் போனை, எல்லாம் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"எய்யா, நெஞ்சு கரிக்குதுன்னு அன்னிக்கு மத்தியானமே சொன்னாருய்யா. நாந்தான் வாயுவா இருக்கும்னு சீரகத்தண்ணி போட்டுக் குடுத்து கடைக்கு அனுப்பிவிட்டேன்."

ஒரு வருடம். தினமும் ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் போனை வைத்திருக்கிறாள்.

'உன் தப்பு இல்லம்மா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். மடியிலிருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மத்தியானம் எத்தன மணிக்கும்மா? முதல்ல இருந்து சொல்லு."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.